நேர்த்தூரம், வழித்தூரம், பயண நேரம்

காரைக்குடியை மையமாக வைத்து 370 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அதன் வட விளிம்பில் சென்னையும் தென் விளிம்பில் கொழும்பும் ஏறக்குறைய வட்டத்தின் மேலேயே உட்காரும். கணக்கிட்டுப் பார்த்தால் சென்னைக்கு 371 கிலோமீட்டர், கொழும்புக்கு 366. ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் காரைக்குடியில் காலையில் ரயில் ஏறுபவர் மதிய உணவு நேரத்துக்குள் சென்னையில் இறங்கிவிடலாம். கொழும்புக்கோ விமானம் இல்லாமல் போவதென்றால், கப்பலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு முழு நாள் போய்விடும்.

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பூமியின் மேற்பரப்பில் அளந்தால் எவ்வளவு? அது நேர்த்தூரம். போகக்கூடிய பாதை எவ்வளவு நீளம்? அது வழித்தூரம். வீட்டு வாசலில் புறப்பட்டு அடுத்த வாசலைச் சேர எத்தனை மணி? அது பயண நேரம். முதலாவது மாறாதது. இரண்டாவதை நிலமும் கடலும் அரசுகளும் தீர்மானிக்கின்றன. மூன்றாவது, பலரும் எண்ணுவதுபோல வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை. பயணத்தின் இரு முனைகளிலும் கழியும் நேரம் அதில் பெரும்பங்கு வகிக்கிறது.

நேர்த்தூரத்தைக் கணக்கிடுவது

ஓர் ஊரின் இடத்தை இரண்டு எண்களால் குறிக்கலாம். காரைக்குடியின் அட்சரேகை வடக்கு 10 பாகை 4 கலை, தீர்க்கரேகை கிழக்கு 78 பாகை 47 கலை. சென்னைக்கு இவை 13 பாகை 5 கலை, 80 பாகை 17 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. ஆக, காரைக்குடியிலிருந்து சென்னை 3 பாகை 1 கலை வடக்கேயும் 1 பாகை 30 கலை கிழக்கேயும் இருக்கிறது.

இதைக் கிலோமீட்டராக மாற்ற பூமியின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டில் அது 6,378, துருவத்தில் 6,357. துருவங்களில் பூமி சற்றே தட்டையாக இருப்பதால் தமிழ்நாட்டின் அட்சரேகைகளில் வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது 110.6 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகையின் நீளமோ அட்சரேகையைப் பொறுத்துக் குறைந்துகொண்டே போகும். நிலநடுக்கோட்டில் 111.3 கிலோமீட்டராக இருப்பது காரைக்குடிக்கும் சென்னைக்கும் நடுவே 109 ஆகிறது, துருவத்தில் பூஜ்யமாகிவிடும்.

இனி எளிய பெருக்கல்தான். வடக்கு நோக்கி 3.017 பாகை, அதாவது சுமார் 334 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி 1.5 பாகை, சுமார் 164 கிலோமீட்டர். இவை ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டால் கர்ணம் 371 கிலோமீட்டர் என்று வரும். சில நூறு கிலோமீட்டர் வரைக்கும் பூமியைத் தட்டையாக நினைத்துக்கொண்டு இப்படிக் கணக்கிடுவதில் பிழை மிகக் குறைவு.

இந்தப் பாகைகளும் கிலோமீட்டர்களும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1802ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். பிற்காலத்தில் மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்ற பணிக்கு அதுவே தொடக்கம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் அளக்காமலேயே கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் அளக்க வேண்டுமானால், தொலைவில் உள்ள குறிகளைப் பார்க்க உயரமான இடம் வேண்டும். காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. லாம்ப்டன் கோயில் கோபுரங்களை நாடினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்தது. அதைச் சரிசெய்துகொண்டு அளவையைத் தொடர்ந்தார். இன்று செயற்கைக்கோள்களைக் கேட்டு ஒரு கைப்பேசி நொடியில் சொல்லும் தூரத்துக்குப் பின்னால் இந்த உழைப்பின் வரலாறு இருக்கிறது.

தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டராகும்போது தட்டைப் பூமிக் கணக்கு உதவாது. கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதை, கோளத்தின் மையம் வழியாக வெட்டும் பெருவட்டத்தின் ஒரு வில். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு இந்த வில்லின் நீளம் சுமார் 13,475 கிலோமீட்டர். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் அது அரேபியா, வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே ஓடும். ஒரே திசைமுனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டிலேயே பறந்தால் 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பெருவட்டப் பாதையோ சென்னையிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கியே கிளம்பி, 67 பாகை வட அட்சரேகையையும் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்துதான் அமெரிக்காவை நோக்கி இறங்குகிறது. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்து இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நூல் தானாக வடக்கே நழுவும்.

வழித்தூரம்

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் விலக்கு, திருமயம், புதுக்கோட்டை, திருச்சி, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குச் சாலையில் சுமார் 415 கிலோமீட்டர். இதை நேர்த்தூரமான 371ஆல் வகுத்தால் 1.12 கிடைக்கும். இதைச் சுற்று விகிதம் எனலாம். நூறு கிலோமீட்டர் நேராகப் போக வேண்டிய இடத்தில் சாலை 112 கிலோமீட்டர் கேட்கிறது என்று பொருள். மலையோ பெரிய ஏரியோ குறுக்கே நிற்காத சமவெளியில் இது நல்ல விகிதம். திருச்சியும் விழுப்புரமும் நேர்க்கோட்டிலிருந்து அதிகம் விலகாமல் இருப்பதும் ஒரு காரணம். ரயில் பாதையும் இதே வழியை ஒட்டியே போவதால் அதன் நீளமும் சற்றுதான் கூடுதல்.

கொழும்புக்கு இந்த விகிதம் வேறு. நடுவே பாக் நீரிணை கிடக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடியும் ரயில் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. போட் மெயில் என்ற பெயர் அதனால்தான். ஒரே பயணச்சீட்டு, கடற்பகுதி 35 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்பு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. இப்போது உள்ள கடல்வழி, 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல். காரைக்குடியிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 160 கிலோமீட்டர், கடலில் 110, காங்கேசன்துறையிலிருந்து கொழும்பு சுமார் 410. மொத்தம் 680. சுற்று விகிதம் 1.86 ஆகிறது. கப்பலில் ஏறுவதற்கு முன் சோதனை, கடலில் நான்கு மணி, இறங்கியதும் குடிவரவு, பிறகு இலங்கையின் வடக்கிலிருந்து மேற்குக் கரை வரை தரைவழி என்று கூட்டினால் 19 மணி நேரம் தாராளமாகச் செல்லும். நேர்த்தூரத்தில் ஐந்து கிலோமீட்டர் குறைவான ஊர், நேரத்தில் சென்னையைப் போல மூன்று மடங்கு தள்ளிப் போய்விடுகிறது.

சாலை நேரம்

சென்னைக்குக் காரில் எத்தனை மணி நேரம் என்பதை இரண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. காரைக்குடியிலிருந்து திருச்சி வரை 90 கிலோமீட்டர். ஊர்கள், திருப்பங்கள், குறுக்கே வரும் ஆடு மாடுகள், பள்ளி விடும் நேரம் எல்லாம் சேர்ந்து சராசரி மணிக்கு 45 என்று கொண்டால் 2 மணி. அதன் பின் நான்குவழிச் சாலையில் 325 கிலோமீட்டர். சுங்கச் சாவடி, உணவு, எரிபொருள் நிறுத்தங்களையும் உள்ளடக்கி மணிக்கு 75 என்றால் 4 மணி 20 நிமிடம். மொத்தம் 6 மணி 20 நிமிடம். முழுப் பயணத்தின் சராசரி மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர்.

வேகமான பகுதியில் இன்னும் வேகமாகப் போனால் நேரம் மிச்சமாகும் என்று ஓட்டுநர்கள் நம்புவதுண்டு. கணக்கு அதற்கு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. நூறு கிலோமீட்டரை மணிக்கு 80 வேகத்தில் கடக்க 75 நிமிடம். 100 வேகத்தில் 60 நிமிடம். வேகத்தை 20 கூட்டி மிஞ்சுவது 15 நிமிடம். அதே நூறு கிலோமீட்டரை 40 வேகத்தில் கடக்க 150 நிமிடம். 50 வேகத்தில் 120. வேகத்தை 10 மட்டும் கூட்டினாலே 30 நிமிடம் மிச்சம். நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்து வருவது. வகுக்கும் எண் சிறிதாக இருக்கும்போதுதான் அதன் மாற்றம் பெரிதாகத் தெரியும். நெடுஞ்சாலையில் 120ஐத் தொடுவதால் கிடைக்கும் சில நிமிடங்களுக்கு உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. புதுக்கோட்டைக்கு ஒரு புறவழிச்சாலை, செங்கல்பட்டு – தாம்பரம் இடையே நெரிசலைக் குறைக்கும் ஒரு மேம்பாலம், சாவடியில் நிற்காமல் கடக்க உதவும் ஃபாஸ்டேக் போன்றவை, மெதுவான இடங்களை மட்டும் திருத்தி அதைவிடக் கூடுதல் நேரத்தை மீட்டுத் தருகின்றன.

பேருந்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் நகருக்கு வெளியே, மையப் பகுதியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிடுகின்றன. பேருந்தின் ஓட்ட நேரம் குறைந்தது. பயணியின் நேரம், அவர் போக வேண்டிய இடம் தாம்பரமா பெரம்பூரா என்பதைப் பொறுத்துக் குறையவோ கூடவோ செய்தது. அட்டவணையில் உள்ள நேரம் வண்டியினுடையது.

ரயில் இந்த இடையூறுகள் பலவற்றிலிருந்து தப்பிக்கிறது. காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பல்லவன் விரைவு ரயில் ஆறரை முதல் ஏழு மணி நேரத்தில் எழும்பூரை அடைகிறது. காருக்கும் இதற்கும் முக்கால் மணிக்கு மேல் வேறுபாடு இல்லை. நடுவே தூங்கலாம், படிக்கலாம்.

வான்வழி நேரம்

காரைக்குடி அமைந்துள்ள செட்டிநாட்டில் பயணிகள் விமான நிலையம் இல்லை. திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் காரைக்குடியார் திருச்சி நகருக்குள் நுழையாமலேயே, சுமார் 85 கிலோமீட்டரில் அதை அடைந்துவிடலாம். மதுரை விமான நிலையமும் எட்டும் தூரம்தான். ஆனால் சென்னை போக மதுரைக்குச் செல்வது எதிர்த்திசையில் நடப்பதற்குச் சமம். மதுரையிலிருந்து சென்னைக்கு நேர்த்தூரம் சுமார் 415 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து 294.

இந்த 294 கிலோமீட்டரை ஒரு ஜெட் விமானம் எப்படிக் கடக்கிறது என்று பார்ப்போம். அதன் இயல்பு வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர். அதே வேகத்தில் முழுத் தூரத்தையும் கடந்தால் 21 நிமிடம்தான். ஆனால் அந்த வேகம் பத்து கிலோமீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் கிடைப்பது. ஏறுவதற்குக் கால் மணிக்கு மேல், இறங்குவதற்கு அதே அளவோ கூடவோ ஆகும். திருச்சி – சென்னை போன்ற குறுந்தூரத்தில் விமானம் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, தரையிறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வது எல்லாவற்றையும் கூட்டினால் நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடத்துக்கு 55 நிமிடம் முதல் ஒரு மணி வரை. மணிக்கு 500 கிலோமீட்டர் மட்டுமே பறக்கும் ஏடிஆர் 72 என்னும் விசிறி விமானம் இந்தத் தடத்தில் ஜெட்டைவிடப் பெரிதாகப் பின்தங்காததற்கும் இதுவே காரணம்.

இப்போது முழுக் கணக்கு. வீட்டிலிருந்து விமான நிலையம் ஒன்றரை மணி. சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி. விமானத்தில் 55 நிமிடம். இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் முக்கால் மணி. மொத்தம் 5 மணி 10 நிமிடம். காரைவிட 1 மணி 10 நிமிடம் மிச்சம். வானில் பறந்த நேரம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 371 கிலோமீட்டரை 5 மணி 10 நிமிடத்தால் வகுத்தால் முழுப் பயணத்தின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர்தான். விமானம் ஒரு மணி தாமதமானால் அந்த லாபமும் ஏறக்குறையப் போய்விடும்.

எந்தத் தூரத்துக்கு மேல் விமானம் சாலையை வெல்லும் என்பதையும் இதே எண்களிலிருந்து கண்டுபிடிக்கலாம். விமானப் பயணத்தில், எத்தனை தூரம் பறந்தாலும் மாறாமல் செலவாகும் நேரம் இருக்கிறது: மேலே சொன்னவற்றில் உண்மையான பறப்பு நீங்கலாக உள்ள எல்லாம், ஏறவும் இறங்கவும் ஊரவும் ஆகும் கூடுதல் அரை மணியையும் சேர்த்து, 4.75 மணி. அதன்மேல் ஒவ்வொரு 700 கிலோமீட்டருக்கும் ஒரு மணி. காருக்குத் தொடக்கச் செலவு ஏதுமில்லை. ஆனால் நேர்த்தூரத்தின் ஒவ்வொரு 58 கிலோமீட்டருக்கும் ஒரு மணி ஆகிறது, ஏனென்றால் சாலை வளைந்து போகிறது. இரண்டும் சமமாகும் தூரம் சுமார் 300 கிலோமீட்டர். அதற்குக் கீழே கார் முந்தும்; மேலே விமானம். சென்னை அந்த எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிறது. அதனால்தான் சென்னைக்கு விமானமா ரயிலா என்ற பேச்சு காரைக்குடி வீடுகளில் முடிவதே இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செட்டிநாடு அருகே ஒரு விமானத் தளம் போடப்பட்டது. போர் முடிந்ததும் பயன்பாடு நின்றது. அதை மீண்டும் இயக்க வேண்டும் என்பது வட்டார மக்களின் நெடுநாள் கோரிக்கை. அங்கிருந்து பறக்க முடிந்தால் வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் ஒன்றரை மணி இருபது நிமிடமாகச் சுருங்கும். சமத் தூரம் 300 கிலோமீட்டரிலிருந்து 230க்கும் கீழே இறங்கும். கணக்கின்படி ஆதாயம் உண்டு. ஆனால் நாளைக்கு ஒரு விமானம்தான் என்றால், அந்த நேரத்துக்காகக் காத்திருப்பதில் ஆதாயம் கரைந்துவிடும். அடிக்கடி விமானம் வேண்டுமானால் அதை நிரப்பப் பயணிகள் வேண்டும். திருச்சி இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அது எளிதில்லை.

தூரம் கூடும்போது

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்த்தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணிக்குச் சற்று மேல். பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் காரைக்குடி வாசலிலிருந்து சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வரை பத்து மணிக்குச் சற்றுக் கூடுதல். சென்னையைவிட எட்டு மடங்கு தூரம். நேரம் இரண்டே மடங்கு. முழுப் பயண வேகம் 72இலிருந்து ஏறக்குறைய 290 ஆகிறது. மாறாத நேரம் அப்படியே இருக்க, அது நீண்ட தூரத்தின்மேல் பரவிவிடுவதுதான் காரணம். கொழும்புக்கும் திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம்தான் பறப்பு. வாசலிலிருந்து வாசலுக்கு ஏழு மணி.

சிங்கப்பூருக்குக் கடலைக் கப்பலில் கடந்த காலம் அதிகம் பழையதில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா என்ற கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் வேகம் 12 முதல் 13 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது அட்சரேகையின் ஒரு கலை, 1.852 கிலோமீட்டர். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வரை உள்ள மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை நிற்காமல் கடந்தாலே ஐந்து நாளுக்கு மேல். துறைமுகங்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வாரம். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் தங்கள் வட்டிக்கடைகளுக்கு அனுப்பிய முகவர்கள் வழக்கமாக மூன்றாண்டுக் கணக்குக்குப் போனார்கள். போக ஒரு வாரமும் வர ஒரு வாரமும் ஆகும் ஊருக்குப் பொங்கலுக்கு வந்து திரும்ப முடியாது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த கிட்டங்கிகளில் கடையும் தங்குமிடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்ததற்கும், காரைக்குடி வீடுகளில் கணவனின்றிக் குடும்பத்தை நடத்திய ஆச்சிகளின் திறமைக்கும் அந்த 13 நாட் வேகத்தோடு தொடர்பு உண்டு.

கிழக்கே போகும் விமானமும் மேற்கே திரும்பும் விமானமும் ஒரே நேரம் எடுத்துக்கொள்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு காற்றோட்டம் வீசுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து விளக்கினார். வெப்பமண்டலக் கீழைத் தாரை என்று இதைச் சொல்லலாம். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கும் மேலே. எனினும் அதன் கீழ் ஓரம் விமானங்களைத் தொடும். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 830 வேக விமானம் சிங்கப்பூர் போகும்போது தரையைப் பொறுத்து 780இலும் திரும்பும்போது 880இலும் நகரும். போக 229 நிமிடம், வர 203 நிமிடம். 26 நிமிட வேறுபாடு. போகவர மொத்தம் 432 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 431. போகும்போது காற்றிடம் இழந்ததைத் திரும்பும்போது முழுதாக வாங்கிவிட முடியாது, ஏனென்றால் மெதுவான பயணத்தில்தான் கூடுதல் நேரம் காற்றின் பிடியில் இருக்கிறோம்.

கடிகாரமும் குழப்பும். பூமி 360 பாகையை 24 மணியில் சுற்றுவதால் ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம். காரைக்குடிக்கும் சிங்கப்பூருக்கும் 25 பாகை வேறுபாடு. சூரியன் அங்கே 100 நிமிடம் முன்னதாக உதிக்க வேண்டும். ஆனால் சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்தால், போகும்போது ஆறே முக்கால் மணிப் பயணமாகவும் வரும்போது இரண்டு மணிக்கும் குறைவான பயணமாகவும் தோன்றும்.

காரைக்குடியும் ரங்கூனும்

எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகளைத் திறந்தது. இந்த மூன்று ஊர்களையும் இணைத்தால் ஒரு நீண்ட முக்கோணம் வரும்: காரைக்குடி – சென்னை 371 கிலோமீட்டர், சென்னை – ரங்கூன் சுமார் 1,755, காரைக்குடி – ரங்கூன் சுமார் 2,020. அன்றைய நிலையில் காரைக்குடியிலிருந்து இரவு ரயிலில் சென்னை. அங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் கடல் மைல் கப்பல். 13 நாட் வேகத்தில் 77 மணி, மூன்று நாளுக்குச் சற்று மேல். துறைமுகக் காத்திருப்பையும் சேர்த்து ஐந்து நாளில் ரங்கூன் மொகல் தெருவுக்குப் போய்விடலாம். கானாடுகாத்தான் வீடுகளின் தேக்குத் தூண்கள் எதிர்த்திசையில் வந்த வழியும் இதே கடல்தான்.

அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். ஒரு சாரார் அரக்கான் மலைத்தொடரைக் கடந்தனர். இன்னொரு சாரார் வடக்கே சிந்த்வின் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத் தமுவை அடைந்து மணிப்பூருக்குள் நுழைந்தனர். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். மூன்று நாள் கடல் பயணம் பல வார நடையாக மாறியது. நேர்த்தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. 1962 ராணுவப் புரட்சிக்குப் பின் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையானபோது வெளியேறிய தமிழர்களில் சிலர் தமுவுக்கு எதிரே இந்திய எல்லையில் உள்ள மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் இருக்கின்றன.

இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூனுக்குக் காரைக்குடியிலிருந்து சாலையில் போக நினைப்பவருக்கும் அந்த மோரேதான் வாசல். காரைக்குடி – சென்னை 415, சென்னை – கொல்கத்தா 1,670, கொல்கத்தா – குவாஹாட்டி 1,000, குவாஹாட்டி – இம்பால் 480, இம்பால் – மோரே 110, மோரே – மண்டலை 470, மண்டலை – யாங்கோன் 620. கூட்டினால் ஏறக்குறைய 4,750 கிலோமீட்டர். சுற்று விகிதம் 2.35. வங்காள விரிகுடாவின் தலையைச் சுற்றிக்கொண்டு வருவதால் வரும் தண்டனை இது. சென்னைச் சாலையின் 65 கிலோமீட்டர் சராசரியைப் போட்டாலும் 73 மணி ஓட்டம். நாகாலாந்து, மணிப்பூர் மலைகளிலும் சிந்த்வின் பள்ளத்தாக்கிலும் அந்தச் சராசரி கிடைக்காது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் பத்து நாளுக்குக் குறையாது. 1937இன் கப்பல் பயணி பாதி நேரத்தில் போய்விட்டார்.

விமானமும் சுற்று விகிதத்திலிருந்து தப்புவதில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சுமார் 2,690 கிலோமீட்டர், கோலாலம்பூரிலிருந்து யாங்கோன் சுமார் 1,690. அப்படி மாறிப் போனால் மொத்தம் 4,380; சாலைத் தூரத்துக்கு அதிகம் குறைவில்லை. பறப்பு நேரம் ஏழு மணிக்கும் குறைவு. இடையில் காத்திருப்பு அதற்குச் சமமாகவும் ஆகலாம்.

இந்தியா, மியான்மர், தாய்லாந்து மூன்றையும் இணைக்கும் முத்தரப்பு நெடுஞ்சாலை, மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் தமு – கலேவா பகுதியில் 69 பழைய பாலங்களை மாற்றிக் கட்டுவதும், கலேவா – யாகி இடையே சுமார் 120 கிலோமீட்டர் சாலையைத் தரமுயர்த்துவதும் இந்தியா ஏற்றுக்கொண்ட பணிகள். அந்தப் பாலங்கள் பலவும் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடியவை. முழுச் சாலையும் முடிந்தாலும் காரைக்குடி – யாங்கோன் வழித்தூரம் 4,750 கிலோமீட்டரிலிருந்து அதிகம் இறங்காது, ஏனென்றால் புதிய சாலை பெரும்பாலும் பழைய தடத்திலேயே போகிறது. குறையப்போவது நேரம். மணிக்கு 25 கிலோமீட்டர் நகரும் 270 கிலோமீட்டர் மலைச்சாலையில் சராசரி வேகம் 50 ஆனால், அந்த ஒரு பகுதியில் மட்டும் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் மிச்சமாகும். சமவெளியில் எத்தனை வேகமாக ஓட்டினாலும் அந்த அளவு கிடைக்காது.